நூற்றுப்பன்னிரண்டின் வெளிச்சம்

மே 9, செவ்வாய்

இல்லை, அது மருந்து இல்லை. மருந்தாகலாம் என்று நாங்கள் நம்பும் ஒரு வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். இதைத்தான் இன்றும் சால்வுவிடம் சொன்னேன், ஃபோனில், டிராம் வரும்வரை. என் அண்ணன். பால் லாரி ஓட்டுகிறான். நாற்பதுகூட ஆகவில்லை, கல்லீரலில் கொழுப்பு ஏறி, இப்போது தழும்பும் விழத் தொடங்கிவிட்டது. குடிக்காதவன். குடித்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும் என்று அவனே சொல்வான்.

அந்தப் பொடி என்னதான் செய்கிறது என்று கேட்டான். சொன்னேன். கல்லீரல் செல்லின் கருவுக்குள் ஓர் ஏற்பி இருக்கிறது. பித்த அமிலம் வந்து பொருந்தினால் அது விழித்துக்கொள்ளும். விழித்தால், கொழுப்பு சேர்த்தது போதும் என்று செல்லுக்கு உத்தரவு போகும். பித்த அமிலத்துக்குப் பதிலாக நாங்களே ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து அந்த இடத்தில் பொருத்தப் பார்க்கிறோம்.

"அதாவது, தூங்குற வாட்ச்மேனை எழுப்புறீங்க."

"கிட்டத்தட்ட."

"நம்பர் என்ன, அதுக்கு?"

"நூத்திப்பன்னெண்டு."

பேனா தேடும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறான். எதற்கு?

டிராம் வந்துவிட்டது.

மே 12, வெள்ளி

இன்று கேக், டூகலின் முறை. செவ்வாயன்று இரண்டு லிட்டர் குடுவை ஒன்றை உடைத்தார். எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் இது: எதையாவது கெடுத்தவர் வெள்ளிக்கிழமை பதினொரு மணித் தேநீருக்கு கேக் கொண்டுவர வேண்டும். குழுத் தலைவர் என்பதற்காக விலக்கு இல்லை. கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச் கேக், மேலே பேஷன் பழம். போன வருடம் தீ அலாரத்தை அடிக்கவைத்தபோதும் இதையேதான் வாங்கினார்.

செல் சோதனைகள் எல்லாம் நெரிடாவின் பொறுப்பு. நான் மூலக்கூறு செய்கிறேன். அது வேலை செய்கிறதா என்று அவள் பார்க்கிறாள். கேக்கை வெட்டிக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னாள்: "மூணு வருஷம் ஆச்சு, மார்த்தெஸ் ஒரு கேக்கும் கொண்டாரல. ஒண்ணு இவ ரொம்பக் கெட்டிக்காரி, இல்ல எல்லாத்தையும் மறைக்கிறா."

டூகல் சிரித்தார். நானும்.

மே 15, திங்கள்

நச்சுப் புகையை உறிஞ்சும் என் ஃப்யூம் ஹூட்டின் கண்ணாடியில் எண்கள். மார்க்கரால் எழுதியவை. ஒவ்வொரு முறை சாதனை முறியும்போதும் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவேன். 47. 61. 88. 112.

அதற்கும் முன்பு, மூலையில், சிறிதாக: 3.

மூன்றாம் எண்தான் வேலை செய்த எங்கள் முதல் மூலக்கூறு. ஏற்பியை எழுப்பியது, ஆனால் சோம்பலாக. நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்புப் பாலம். வெளிச்சம் பட்டால் அது திருகிக்கொண்டு உருவம் மாறிவிடும். ஜன்னலோரம் வைத்தால் மதியத்துக்குள் வேறொன்றாகியிருக்கும். அலுமினியத் தாளில் சுற்றித்தான் வைக்க வேண்டும். அப்படி ஒன்றை யார் மாத்திரையாக்குவார்கள்?

அந்தப் பாலத்தை எடுத்துவிட்டு ஐந்து அணு வளையம் ஒன்றை வைத்தது நான். இரண்டு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். யாரும் சொல்லவில்லை. டிராமில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது, டிக்கெட்டின் பின்புறம் வரைந்தேன். அதுதான் 47. வெளிச்சம் எட்டு மடங்கு ஏறியது.

வெளிச்சம் என்று எழுதினேன். பழக்கம். நெரிடாவின் செல்களுக்குள் மின்மினிப் பூச்சியின் நொதி ஒன்றுக்கான மரபணு வைக்கப்பட்டிருக்கிறது. ஏற்பி விழித்தால் செல் அந்த நொதியைச் செய்யும், செல் ஒளிரும். எவ்வளவு ஒளி, அவ்வளவு விழிப்பு. பத்தொன்பது மாதங்களாக நான் அந்த ஒளியைப் பார்த்தே ஒவ்வொரு அணுவையும் நகர்த்தி வருகிறேன்.

வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அந்த வளையம் ஒன்றுதான்.

மே 19, வெள்ளி

112-ஐ எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. யாரும் எதையும் உடைக்கவில்லை. கேக் இல்லை.

மே 24, புதன்

வந்துவிட்டது. ஒன்றும் இல்லை.

ஆறு வாரம் 112 கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரலும், வெறும் தண்ணீர் கொடுக்கப்பட்டவற்றின் கல்லீரலும் ஒன்றுபோலவே. படங்களை மாற்றிவைத்தால் எனக்கே தெரியாது.

மருந்து கல்லீரல் வரை போய்ச் சேர்ந்திருக்காது என்றார் டூகல். போகும் வழியிலேயே உடைந்திருக்கும். இது நடப்பதுதான், கவலைப்படாதே. சொன்னதெல்லாம் சரி. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தார். ஜூன் 21 அன்று கூட்டாளி நிறுவனத்தார் வருகிறார்கள். இன்னும் இரண்டு வருடத்துக்குப் பணம் தருவதா, திட்டத்தை மூடுவதா என்று அன்று முடிவாகும். நெரிடாவின் ஒப்பந்தம் ஜூன் 30 வரைதான்.

மே 29, திங்கள்

போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்லீரலில் அளந்திருக்கிறார்கள். வேண்டிய அளவைவிட அதிகமாகவே, உடையாமல், முழுசாக.

அப்படியானால் அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தது?

ஜூன் 1, வியாழன்

மதியம் கேண்டீனில் நெரிடாவிடம் கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோல. நாற்பத்தேழுக்கு கன்ட்ரோல் எப்போது பார்த்தாய்?

கன்ட்ரோல் என்றால் வேறு செல்கள். அவற்றில் எங்கள் ஏற்பிக்கு வேலையே இல்லை. மின்மினி நொதி மட்டும் எப்போதும் ஒரே அளவில் சுரந்துகொண்டிருக்கும். நல்ல மூலக்கூறு அங்கே எதையும் மாற்றக்கூடாது.

"மூணுக்குப் பார்த்தேனே," என்றாள். "சுத்தமா இருந்துச்சே."

"நாப்பத்தேழுக்கு?"

முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அப்போது ஒளி அளக்கும் கருவியை மூன்று குழுக்கள் பங்கு போட்டிருந்தார்கள். எங்களுக்கு வாரம் ஒரு பகல்தான். நான் வாரம் நாலு மூலக்கூறு கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே குடும்பத்து மூலக்கூறுகள், முதலாவது சுத்தம், அப்புறம் எதற்கு? எனக்கும் ஞாபகம் வந்தது. விடு நெரிடா, இன்னும் ரெண்டு பண்ணலாம் என்று சொன்னது நான்.

இப்போது செய்து பார்க்கிறேன் என்றாள். சாப்பாட்டை முடிக்காமலே எழுந்தாள்.

ஜூன் 8, வியாழன்

நீண்ட வாரயிறுதி வருகிறது, திங்களும் விடுமுறை. நெரிடா மில்டுராவுக்கு, அவள் அம்மாவிடம், காலையிலேயே கிளம்பிவிட்டாள். கன்ட்ரோல் செல்கள் போட்ட மூன்று தட்டுகளைத் தயார் செய்து, செல் வளர்க்கும் அடைகாப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, நீயே படித்துவிடு என்று எழுதி ஒட்டியிருந்தாள். மூன்றிலும் ஒரே வரிசை: 3, 47, 61, 88, 112.

ஒளி அளக்கும் கருவியில் வைத்துப் படித்தேன்.

மூன்று: ஒன்றும் இல்லை. சுத்தம்.
நாற்பத்தேழு: ஏறுகிறது.
அறுபத்தொன்று: இன்னும்.
எண்பத்தெட்டு: இன்னும்.
நூற்றுப்பன்னிரண்டு: கருவி திணறும் அளவுக்கு.

எழுப்ப யாருமே இல்லாத செல்கள் அவை.

இரண்டாவது தட்டு, அதே. மூன்றாவது, அதே.

நாற்காலி உயரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 9, வெள்ளி

யாரும் வரவில்லை. பழைய கட்டுரைகளைத் தேடினேன். இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி வளையம், இரண்டு பக்கமும் பென்சீன், மின்மினியின் நொதியில் கச்சிதமாகப் போய் உட்காரும். உட்கார்ந்தால் நொதி அழியாது. செல்லுக்குள் அது வழக்கமாகச் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். என் மூலக்கூறு அதைச் சிதையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒன்றும் சுரக்கவில்லை. பழையது சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேர வெளிச்சம்.

அப்படியானால் நான் ஏற்பியை எழுப்பவில்லை. விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

47-இலிருந்து 112 வரை அறுபத்தாறு மூலக்கூறுகள். ஒவ்வொன்றாக, கவனமாக, ஒரு பூச்சிக்குப் பொருத்தமாகச் செதுக்கியிருக்கிறேன். ஒரு மின்மினிக்குக் கல்லீரல் நோய் வந்தாலும் இது உதவாது. அதன் வாலுக்குத்தான் ஆகும்.

சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

ஜூன் 11, ஞாயிறு

செயின்ட் ஆல்பன்ஸில் சால்வு வீட்டில் மதிய உணவு. போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பான்.

கதவைத் திறந்ததும் ஒரு பெரிய தட்டை நீட்டினான். பிளாஸ்டிக் சுற்றிய இறைச்சித் தட்டு: சாசேஜ், சாப்ஸ், அரைக்கிலோ பேக்கன். கிளப்பில் வெள்ளிதோறும் நடக்கும் இறைச்சிக் குலுக்கலில் விழுந்த பரிசு. ஐந்து மாதமாக அவனுக்கு எதுவும் விழவில்லை. இந்த வாரம் கவுண்டரில் குறிப்பிட்ட எண்ணுள்ள சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

"எந்த நம்பர்னு கேளு."

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"நூத்திப்பன்னெண்டு. மைக்ல சொன்னதும் எழுந்து நின்னு கத்திட்டேன். என் தங்கச்சி கண்டுபிடிச்ச நம்பர்டான்னு அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன். ஒரு கிழவர் வந்து கையக் குலுக்கிட்டுப் போனார். அவருக்கும் லிவர்தான்."

இவன் இதில் எதையுமே சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் எனக்கு. சமையலறையில் பஸ்திஸி, சீஸ் அடைத்த பேஸ்ட்ரி, சூடாகிக்கொண்டிருந்தது. அதையும் அவன் சாப்பிடக்கூடாது. அவன் தட்டில் வேகவைத்த பீன்ஸ் மட்டும்.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி இப்படி இருக்கு?"

தலைவலி என்றேன்.

"வேலைய விட்டுட்டு வந்து லாரி ஓட்டு. தலைவலியே வராது, முதுகுவலிதான் வரும்."

முகம் மெலிந்திருந்தது. கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சளா, இல்லை ஜன்னல் திரையின் நிறமா? கிளம்பும்போது வாசலில் நின்று, செப்டம்பரில் அடுத்த ஸ்கேன் என்றான். அதற்குள் வந்துவிடுமா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் —

இறைச்சித் தட்டு மடியில், ரயிலில் ஒரு மணி நேரம். குளிர்ந்து போன முழங்கால்.

ஜூன் 12, திங்கள்

விடுமுறை. மழை.

உண்மையாக எழுதுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. இன்றைக்கு இந்த உலகத்தில் இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று தட்டுகளையும் கழுவிவிட்டு, அடைகாப்புப் பெட்டி கோளாறு, செல்கள் செத்துவிட்டன என்று நெரிடாவிடம் சொல்லலாம். நம்புவாள். மாதம் ஒருமுறை அப்படி ஆகிறது. மறுபடி வளர்த்துச் செய்ய இரண்டு வாரம். அதற்குள் இருபத்தொன்று வந்து போய்விடும். வந்தவர்கள் கண்ணாடியில் இருக்கும் எண்களைப் பார்ப்பார்கள். எலியில் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்பார் டூகல். இரண்டு வருடம் கிடைக்கும். நெரிடாவுக்கு வேலை இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் உண்மையான ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியாதா?

எல்லாரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

சால்வு அந்த நம்பரை நம்பி ஒரு கிழவரோடு கை குலுக்கியிருக்கிறான். அந்தக் கிழவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சாசேஜை வறுத்துத் தனியாகத் தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

சொல்லிவிட்டேன். எட்டரை மணிக்கு, நெரிடா கோட்டைக் கழற்றும் முன்பே.

மூன்று தட்டுகளின் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு: "வரிசைகூட மாறல. நம்ம செல்லுல ஏறுன அதே வரிசை."

"ஆமா."

"நான் ஒரு தட்டு போட்டிருந்தா போதும். ஒரே ஒரு தட்டு. பத்தொம்பது மாசத்துக்கு முன்னாடி."

"போட வேணாம்னு சொன்னது நான்."

"நீ சொன்னா? நீ கெமிஸ்ட். கன்ட்ரோல் என் வேலை."

ஒருவர் பழியை மற்றவர் பிடுங்கிக்கொள்ளும் விசித்திரமான சண்டை. டூகல் உள்ளே வந்தபோதுதான் நின்றது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை முறை செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். தலையை ஆட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து என் கண்ணாடியில் இருந்த எண்களை வாசித்தார், உதடு அசைய, கடைக் கணக்குப் பார்ப்பவர் மாதிரி.

"இருபத்தொண்ணாந் தேதி அவங்க வர வேண்டியதில்ல," என்றார். "நான் ஃபோன் பண்ணிக்கிறேன்." கதவருகே திரும்பி, "எனக்கு அறுபத்தி நாலு ஆகுது மார்த்தெஸ். இதுதான் கடைசி ப்ராஜெக்ட்னு நெனச்சிருந்தேன். நல்ல கடைசியா இருக்கும்னு."



ஜூன் 14, புதன்

நிறுவனத்தாரோடு டூகலின் பதினொரு நிமிட ஃபோன். மூடியாயிற்று. நெரிடாவுக்கு முப்பதோடு முடிகிறது. எனக்கு ஆகஸ்ட் வரை, அறிக்கை எழுதி முடிக்க.

ஜூன் 16, வெள்ளி

காலையில் எழுந்து ஆரஞ்சு கேக் செய்தேன். அம்மா செய்வதுபோல் வரவில்லை, நடுவில் அமுங்கிவிட்டது. டிராமில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இந்த மாதம் என் மடியில் எதையாவது சுமந்துகொண்டே இருக்கிறேன்.

தேநீர் அறை மேசையில் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது. சாக்லேட். நெரிடா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கையில் கத்தி. என் டப்பாவைப் பார்த்தாள். நான் அவளுடையதைப் பார்த்தேன்.

"இது என்னோடது," என்றாள். "எடுத்துட்டுப் போ உன்னோடத."

"முடியாது."

டூகல் வந்தார். அவர் கையிலும் பெட்டி. ஸ்பாஞ்ச், பேஷன் பழம்.

மூன்று கேக், மூன்று பேர். பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் வந்து யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார் டூகல்.

ஜூன் 18, ஞாயிறு

சால்வுவிடம் சொன்னேன். நேரில் போகத் தைரியம் இல்லை. ஃபோன்.

எளிமையாகச் சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். பாதியில் வார்த்தை முட்டிக்கொண்டது. வாட்ச்மேன் எழவே இல்ல சால்வு, அவன் எழுந்துட்டான்னு காட்டுற பல்பு இருக்கே, அதை நாங்களே கையால அமுக்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கோம், ரெண்டு வருஷமா, தெரியாம —

அந்தப் பக்கம் டிவி சத்தம், ஃபுட்டி ஆட்டம். பிறகு அதைக் குறைத்தான்.

"அப்போ நூத்திப்பன்னெண்டு செத்துப்போச்சா?"

"உயிரோடவே இல்ல அது."

"ம்."

ரிமோட்டை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கிழவர்கிட்ட நான்தான் சொல்லணும்," என்றான். "அடுத்த வெள்ளி வருவாரு." பிறகு: "ஆனா ஒண்ணு. அந்த நம்பரால எதையாவது ஜெயிச்ச ஒரே ஆள் நான்தான். சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

"அப்ப சரி."

செப்டம்பர் ஸ்கேன் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஃபோனை வைத்த பிறகு அது அறையில் உட்கார்ந்திருந்தது.

ஜூன் 22, வியாழன்

எதற்காக எழுந்து போகிறேன்? போகிறேன்.

ஜூன் 26, திங்கள்

கண்ணாடியை அசிட்டோனால் துடைத்தேன். 112, 88, 61, 47, ஒரு நிமிடத்தில் போய்விட்டன. அத்தனை சுலபமாகப் போகும் மை.

நெரிடா செல்களை எல்லாம் கொன்று அப்புறப்படுத்திக்கொண்டிருந்தாள். ப்ளீச் வாடை. வேலை எதுவும் கிடைத்ததா என்று கேட்டேன். மில்டுராவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மண் பரிசோதிக்க ஆள் தேவையாம். அம்மாவுக்குப் பக்கத்தில் என்றாள். அது நல்லதா கெட்டதா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

பிறகு, குனிந்தபடியே: "மூணை ஏன் அழிக்கல?"

மூலையில் அந்த எண் இருந்தது. கைக்கு எட்டாத இடம் ஒன்றும் இல்லை.

"கன்ட்ரோல்ல அது ரெண்டு தடவையும் சுத்தம்," என்றாள். "அது கொஞ்சமாத்தான் சொல்லுச்சு. ஆனா பொய் சொல்லல."

அதனால் என்ன? வெளிச்சத்தில் உருவம் மாறுவது, வேண்டிய அளவில் நூறில் ஒரு பங்குகூட வேலை செய்யாதது. அதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் காப்பாற்றப் போவதில்லை. இதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "சும்மா சொன்னேன்."

ஜூன் 30, வெள்ளி

யாரும் எதையும் கெடுக்கவில்லை. ஆனாலும் டூகல் கேக் வாங்கி வந்தார், நெரிடாவுக்காக. முதல்முறையாக வேறு கேக். லெமன்.

நெரிடா பத்தரைக்கெல்லாம் மேசையைக் காலி செய்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு செடி. அணைத்துக்கொள்ளவில்லை. என் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, "கன்ட்ரோல் தட்டு போடாம விடாத," என்றாள். அவ்வளவுதான். அவள் காரில் செடியை முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அவள் போன பிறகு ஆய்வகத்தில் பம்ப் சத்தம் மட்டும்.

செய்ய வேண்டியது எழுதும் வேலைதான். எழுதவில்லை. என் ஹூட்டின் விளக்கை அணைத்தேன், ஜன்னல் திரையை இறக்கினேன். பழைய நோட்டிலிருந்து மூன்றாம் எண்ணின் முறையை எடுத்து, திங்கள் முதல் செய்துவந்ததன் கடைசிப் படியை முடித்தேன். எண்பது மில்லிகிராம். வெளிர் மஞ்சள். குப்பியில் போட்டு, இரண்டு சுற்று அலுமினியத் தாளில் சுற்றினேன். எண்ணும் தேதியும் எழுதி ஒட்டினேன். ஃப்ரீசரில் மூன்றாவது அடுக்கில் வைத்தேன்.